ஏ.சி ஹால்ல கண்ணு சொக்குதா... தப்பு உங்க மேல இல்ல பாஸ்!

மே மாசம், மதியம் மூணு மணி. வெளியே 40 டிகிரி. போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம்னு ஒரு ஏ.சி நூலகத்துக்குள்ள போய் உட்கார்றீங்க. முதல் அரை மணி நேரம் சொர்க்கம். அப்புறம் மெள்ள கண்ணு சொக்குது, தலை கனக்குது. எதிர் டேபிள்ல ஒருத்தர் புத்தகத்து மேலயே சாமியாடிக்கிட்டிருக்கார். 'ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்தா இப்படித்தான்'னு உங்களையே திட்டிக்கிட்டு டீ குடிக்க வெளியே வர்றீங்க. அஞ்சே நிமிஷத்துல தலை தெளிஞ்சுடுது.

டீக்கு முழு கிரெடிட்டையும் கொடுத்துடாதீங்க. வெளிக்காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

நம்மில் பலரும் ஏ.சி என்றால் புதுக் காற்றை உள்ளே அனுப்பும் மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி, அறையில் ஏற்கெனவே இருக்கும் காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப அதே அறைக்குள் விடுகிறது. அவ்வளவுதான். நூலகம், மருத்துவமனை, விமான நிலையம் மாதிரியான பெரிய கட்டடங்களில் இருக்கும் சென்ட்ரல் ஏ.சி-யில் மட்டும், வெளியிலிருந்து கொஞ்சம் புதுக் காற்றைக் கலப்பதற்கென்று தனி வழி வைத்திருப்பார்கள். அந்த வழியில் ஒரு ஷட்டர் மாதிரி தகடுகள் இருக்கும். அதன் பெயர் டாம்பர். இது மூடிக்கிடந்தால் ஹால் ஜில்லென்றுதான் இருக்கும். ஆனால், உள்ளே இருக்கும் 200 பேரும் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 420 பி.பி.எம். அறைக்குள் அது 1,000-ஐத் தாண்டினால் 'இங்கே புதுக் காற்று போதவில்லை' என்பதற்கான அறிகுறியாக இன்ஜினீயர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் நெருக்கமான, அடைத்த ஹாலில் இது வெகு சுலபமாகத் தாண்டும்.

டாம்பரை ஏன் மூடுகிறார்கள்? கரன்ட் பில்! சென்னை மாதிரி கடலோர ஊரில் வெளிக்காற்று சூடானது மட்டுமல்ல, ஈரமானதும்கூட. அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்க ஏ.சி நிறைய உழைக்க வேண்டும். டாம்பரை மூடிவிட்டால் பில் குறையும், ஹாலும் சீக்கிரம் குளிரும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தொழிலின் சங்கடமே இதுதான். குளிர் நின்றால் அஞ்சு நிமிஷத்தில் ஆபீஸரிலிருந்து அட்டெண்டர் வரைக்கும் கத்துவார்கள். காற்று கெட்டுப்போனால் ஒருத்தருக்கும் தெரியாது. பராமரிப்பு குறையும்போது முதலில் காணாமல் போவது குளிர் இல்லை, சுத்தமும் புதுக் காற்றும்தான்.

மொட்டை மாடியிலிருந்து உங்க தலை வரைக்கும்

ஏ.சி குளிரை 'தயாரிப்பதில்லை'. உள்ளே இருக்கும் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. பெரிய கட்டடத்தில் இதற்கு ஒரு ரிலே ரேஸே நடக்கும்.

பேஸ்மென்ட்டிலோ, கட்டடத்துக்குப் பின்னால் தனி ஷெட்டிலோ சில்லர் என்று ஒரு பெரிய மெஷின் இருக்கும். அது தண்ணீரை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் குளிர வைத்து, பைப் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் அனுப்பும். ஒவ்வொரு மாடியிலும் பூட்டிய ஒரு சின்ன அறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே 'ஹோ'வென்று சத்தம் கேட்கும். அதுதான் ஏ.ஹெச்.யூ அறை, அதாவது காற்றைக் கையாளும் யூனிட். அங்கே அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில் மீது ஃபேன் காற்றை ஊதும். குளிர்ந்த காற்று, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் தகர டக்ட் வழியாக உங்கள் தலைக்கு மேல் வந்து இறங்கும். ஹாலின் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் 12 டிகிரியாகி சில்லருக்கே திரும்பும். சில்லர் அந்தச் சூட்டை இன்னொரு தண்ணீர் சர்க்யூட்டுக்கு மாற்றிவிடும். அந்தத் தண்ணீர் மொட்டை மாடியில் இருக்கும் கூலிங் டவருக்குப் போய், மழை மாதிரி கொட்டி, கொஞ்சம் ஆவியாகி, சூட்டை ஆகாயத்துக்கு விட்டுவிட்டு இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மாடியில் வெள்ளையாகப் புகை போவதுபோல் தெரியும். அது புகையில்லை, நீராவியும் நுண்ணிய நீர்த்துளிகளும்.

இந்த இடத்தில் ஒரு குட்டிக்கதை. 'ஒன்றரை டன் ஏ.சி' என்கிறோமே, அந்த டன் என்ன? மெஷினின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் குளிர். மின் கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். மெஷின் வருவதற்கு முன்பு குளிர் என்றாலே ஐஸ்தான் என்பதால் வந்த அளவு இது. மெரினா பக்கம் போனால் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டி, கப்பலில் கொண்டுவந்த ஐஸைப் பத்திரப்படுத்த, ஐஸ் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் 1842-ல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' அது. உங்கள் ஏ.சி-யின் ஸ்டிக்கரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலை ஷிஃப்ட்

நூலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிளான்ட் ரூமில் ஒருவர் வேலையைத் தொடங்கியிருப்பார். சில்லரை டக்கென்று ஆன் செய்ய முடியாது. முதலில் பம்புகள், பிறகு கூலிங் டவர் ஃபேன், கடைசியில்தான் கம்ப்ரஸர். தண்ணீர் ஓடாமல் சில்லர் ஓடினால், குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் ஐஸாக உறைந்து குழாயையே பிளந்துவிடும். பிளந்தால் தண்ணீர் கேஸ் லைனுக்குள் போகும். அப்புறம் அந்த மெஷினுக்கு ஆகும் செலவை யோசிக்கவே வேண்டாம். இதைத் தடுக்க ஃப்ளோ சுவிட்ச் இருக்கிறது. ஆனால், அந்த சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதும் இவர் வேலைதான்.

பிறகு லாக் புக். மணிக்கு ஒரு தடவையோ, ரெண்டு மணிக்கு ஒரு தடவையோ போகும் தண்ணீர் எத்தனை டிகிரி, வரும் தண்ணீர் எத்தனை டிகிரி, பிரஷர், ஆயில், ஆம்பியர் என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். பார்க்க போரடிக்கும் வேலை. ஆனால், ஒரு நல்ல டெக்னீஷியனுக்கு அந்த நோட்டுதான் டாக்டருக்கு இ.சி.ஜி மாதிரி. இன்று ஒரு டிகிரி, அடுத்த வாரம் ரெண்டு டிகிரி என்று கண்டென்சர் பக்கம் இடைவெளி ஏறிக்கொண்டே போனால், குழாய்க்குள் உப்புப் படிகிறது என்று அர்த்தம்.

உப்பு எங்கிருந்து வந்தது? கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உங்க வீட்டு பாத்ரூம் பக்கெட்டில் வெள்ளையாகப் படியுமே, அதே கதைதான், ஆயிரக்கணக்கான லிட்டர் அளவில். நம்மூர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் அவ்வப்போது கொஞ்சம் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். மென்னீராக்கும் சாஃப்ட்னர் பிளான்ட்டைக் கவனிக்க வேண்டும். இதையும் மீறி உப்பு படிந்தால், சில்லரின் மூடியைக் கழற்றி, உள்ளே வரிசையாக இருக்கும் நூற்றுக்கணக்கான செப்புக் குழாய்களை ஒவ்வொன்றாக பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. முதுகு ஒடியும். இந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் ஹால் குளிரும். என்ன, அதே குளிருக்குக் கூடுதலாகக் கரன்ட் எரியும்.

ஏ.ஹெச்.யூ அறையில் நடப்பது இன்னும் சின்னச் சின்ன வேலைகள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது, காயிலின் தூசியை எடுப்பது, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் ட்ரெயின் டிரே. காற்றிலிருந்து பிரியும் ஈரம் சொட்டும் தட்டு அது. இருட்டு, ஈரம், தூசி மூன்றும் சேரும் இடம். வழவழவென்று பாசி மாதிரி ஒன்று வளர்ந்து ஓட்டையை அடைத்துவிடும். தண்ணீர் நிரம்பி வழிந்து, ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு நிற வட்டம் போட்டு, கடைசியில் கீழே வைத்த பிளாஸ்டிக் பக்கெட்டில் சொட்டும். அந்த பக்கெட்டை நாம் எல்லோருமே ஏதோ ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறோம். பக்கெட் வைப்பதற்குப் பதில் டிரேயைக் கழுவியிருந்தால் அரை மணி நேர வேலை.

ஒரு ஹோட்டல், 34 உயிர்கள்

'தூசிதானே, தண்ணிதானே' என்று நினைப்பவர்களுக்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1976 ஜூலை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற புகழ்பெற்ற ஹோட்டலில் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் ராணுவ வீரர்கள் அமைப்பின் மாநாடு. வீட்டுக்குத் திரும்பிய சில நாள்களில் ஒவ்வொருவராகக் கடும் நிமோனியாவில் விழுந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 34 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிலர் மாநாட்டுக்கே வராதவர்கள். விஷமா, வைரஸா, சதியா என்று நாடே குழம்பியது. பயத்தில் ஆள் வராமல் அந்த ஆண்டு இறுதிக்குள் ஹோட்டலையே மூடிவிட்டார்கள். 1977 ஜனவரியில்தான் காரணமான பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. செத்தவர்களின் அமைப்பின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: லீஜியோனெல்லா. ஹோட்டலின் கூலிங் டவரிலிருந்து அது பரவியிருக்கலாம் என்பதே பரவலான கணிப்பு.

இந்தக் கிருமிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ரொம்பப் பிடிக்கும். கூலிங் டவர் தண்ணீர் 30 முதல் 35 டிகிரி வரை இருக்கும், அதாவது அதற்கு விருந்து. பாசியும் வண்டலும் சேர்ந்தால் இன்னும் வசதி. டவரிலிருந்து பறக்கும் நுண்ணிய துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் கூலிங் டவர் தண்ணீரில் மருந்து கலப்பது, அடியில் சேரும் சேற்றை வாரி எடுப்பது, தண்ணீரை லேபுக்கு அனுப்புவது எல்லாம் பராமரிப்பு அட்டவணையில் இருக்கின்றன.

வீட்டு ஏ.சி-யைப் பார்த்துப் பயப்படாதீங்க. ஸ்ப்ளிட் ஏ.சி-யிலும் கார் ஏ.சி-யிலும் குளிர வைக்கத் தண்ணீர் பயன்படுவதில்லை என்பதால் இந்தப் பிரச்னை அங்கே கிடையாது.

ஆபரேஷன் தியேட்டரில் ஹீட்டரா?

'நம்ம ஊர்ல ஹீட்டிங்குக்கு என்ன வேலை, ஊட்டியா இது?' என்று கேட்கத் தோன்றும். ஆனால், சென்னையிலும் மதுரையிலும்கூட ஹீட்டர் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: ஆபரேஷன் தியேட்டர். காற்றின் ஈரத்தைக் குறைக்க அதை நன்றாகக் குளிர வைத்துப் பிழிய வேண்டும். அப்படிப் பிழிந்த காற்றை அப்படியே விட்டால் நோயாளி நடுங்கிப்போவார். அதனால், திரும்பக் கொஞ்சம் சூடாக்கி உள்ளே அனுப்புவார்கள். குளிர வைத்து மறுபடி சூடாக்குவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால், ஈரம் ஏறினால் பூஞ்சை வரும்.

மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.ஹெச்-சின் வழிகாட்டுதல்படி, தியேட்டரில் காற்று மணிக்குக் குறைந்தது 20 முறை மாற வேண்டும். உள்ளே வரும் காற்று ஹெப்பா ஃபில்டர் வழியாக வர வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவிகிதத்தைப் பிடித்துவிடும் ஃபில்டர் அது. தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளி வராந்தாவைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்தால் காற்று உள்ளேயிருந்து வெளியே ஓடும், வராந்தாவின் கிருமி உள்ளே வராது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால், பெல்ட் தளர்ந்து ஃபேன் வேகம் குறைந்தால், இந்த அழுத்தம் போய்விடும். தெர்மாமீட்டர் மட்டும் அப்போதும் 21 டிகிரி என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஆபரேஷன் செய்யும் டாக்டரின் பெயர் நமக்குத் தெரியும். அந்த பெல்ட்டை இறுக்கியவரின் பெயர் தெரியாது.

தீ விபத்திலும் இவர்கள் வேலைதான் பேசும். ஃபயர் அலாரம் அடித்த உடனே ஏ.ஹெச்.யூ நிற்க வேண்டும், டக்ட்டில் இருக்கும் ஃபயர் டாம்பர் மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாடியின் புகையை டக்ட்டே மற்ற இடங்களுக்கு 'டெலிவரி' செய்துவிடும். 'சும்மா சும்மா மூடிக்குது சார்' என்று யாரோ கம்பி வைத்துக் கட்டிவைத்த டாம்பர், அன்றைக்கு மூடாது.

உயிர் போகும் சின்ன விஷயங்கள்

இந்த வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படிங்க.

ஃபேன் பெல்ட்டில் கை வைக்கும் முன் ஐசொலேட்டரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பூட்டுப் போட்டு, சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். 'ஏ.சி ஏன் ஓடல?' என்று கீழிருந்து யாராவது வந்து சுவிட்ச்சைப் போடுவது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை.

பைப்பில் லீக் டெஸ்ட் செய்ய நைட்ரஜன் மட்டும்தான். பக்கத்தில் வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று அதைத் திறந்துவிடவே கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். 'ஒரு நிமிஷ வேலைண்ணே' என்று செய்பவர்கள் அந்த ஒரு நிமிஷத்திலேயே போய்விடுகிறார்கள்.

ஏ.சி கேஸில் பெரும்பாலானவை காற்றைவிடக் கனமானவை, மூக்குக்கும் எளிதில் தெரியாதவை. மூடிய பிளான்ட் ரூமில் பெரிய லீக் ஆனால் கீழே தேங்கி, ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். உள்ளே ஒருத்தர் மயங்கிக் கிடந்தால், முதலில் ஃபேனைப் போட்டு, கதவைத் திறந்து, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியே ஓடிப்போய்த் தூக்கக் குனிபவர்தான் இரண்டாவது ஆளாக விழுவார். புது ஸ்ப்ளிட்களில் வரும் ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. பழைய ஆர்-22 மெஷின் மாதிரி நினைத்து அதன் பக்கத்தில் டார்ச் பிடிக்கக் கூடாது.

இன்னொன்று, மிச்ச கேஸைக் காற்றில் திறந்துவிடும் பழக்கம். ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோனையும் அரிக்கும். ரெக்கவரி மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். ஆனால், குறைந்த விலைக்குப் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்தவர் அந்த மெஷினை வாங்கித் தருவாரா என்பது வேறு கேள்வி. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே நின்று அவுட்டோர் யூனிட் மாட்டுபவருக்கு பெல்ட் தராதவரும் அவர்தானே!

நீங்க என்ன பண்ணலாம்?

அடுத்த தடவை ஒரு பொதுக் கட்டடத்துக்குள் போனால் போனை இறக்கி, ஒரு நிமிஷம் மேலே பாருங்க. காற்று வரும் கிரில்லைச் சுற்றி கறுப்புத் தடம் இருக்கிறதா? சீலிங்கில் பழுப்பு வட்டமா? ஏ.சி போட்ட உடனே ஈரத்துணி வாடையா? ஜில்லென்று இருந்தும் உடம்பு பிசுபிசுக்கிறதா? கடைசியாகச் சொன்னது, ஈரம் சரியாகப் பிழியப்படவில்லை என்பதன் அடையாளம்.

புகார் கொடுக்கும்போது 'ஏ.சி சரியில்ல' என்று மட்டும் சொன்னால், வருபவர் டிகிரியைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார். நூலகத்தின் புகார்ப் புத்தகத்தில், 'இரண்டாம் தளத்தில் மதியம் 2 மணிக்கு மேல் காற்று அடைத்தாற்போல் இருக்கிறது. ஏ.ஹெச்.யூ-வில் வெளிக்காற்று டாம்பர் திறந்திருக்கிறதா என்று பார்க்கவும்' என்று எழுதிப் பாருங்கள். படிக்கும் இன்ஜினீயர் நிமிர்ந்து உட்காருவார். தேதி போட்டு, செய்ததை எழுதச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம்.

'18-ல வைங்க சார்' என்று மட்டும் கேட்காதீங்க. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏ.சி-கள் ஆன் ஆகும்போதே 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ-யின் கணக்கு. அப்படி மிச்சமாகும் கரன்ட்டில் அந்த டாம்பரைத் தாராளமாகத் திறந்தே வைக்கலாம்.

இதெல்லாம் படித்துவிட்டு 'வேலை நல்லாயிருக்கே' என்று தோன்றினால்: ஐ.டி.ஐ-யில் ரெஃப்ரிஜரேஷன் அண்டு ஏர்கண்டிஷனிங் டெக்னீஷியன் பிரிவு, பத்தாம் வகுப்பு பாஸ் போதும், இரண்டு வருஷப் படிப்பு. முடித்ததும் அப்ரன்டிஸாகச் சேருங்கள், முடிந்தால் சில்லர் இருக்கும் இடமாகப் பார்த்து. ஸ்ப்ளிட் சர்வீஸைத் தெருவில் கற்றுக்கொள்ளலாம், சில்லர் கையில் பழக பிளான்ட் ரூமுக்குள் போனால்தான் உண்டு. முதல் நாள் சீனியர் அண்ணன் உங்க கையில் ஸ்பேனரைத் தர மாட்டார். லாக் புக்கைத்தான் தருவார். வாங்கிக்கோங்க.